மலிவும் வாழ்தகைமையும்: கண்டக்குழிக் கரை குறித்து ஒரு மறுப்பு

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே, கற்பிட்டி நகருக்கு அணித்தாக, கண்டக்குழி என்றோர் ஊர் உளது. அவ்வூரையும் அதன் அயலையும் பற்றிப் பேசுவோர் 2009இல் போர் முடிந்த பின்னர் இரண்டு சொற்களை ஓயாது வழங்கி வருகின்றனர். ஒன்று மலிவு; மற்றையது அமைதி. காணி மலிவு, கூலி மலிவு, மீன் மலிவு, வாடகை மலிவு. கடற்படையும் விமானப்படையும் அருகிருத்தலின் களவும் கலகமும் பற்றிய அச்சம் இல்லை. காற்றும் கடலும் விலையின்றிக் கிடைக்கின்றன. பெரிய வைத்தியசாலையும் உயர்கல்வியும் தொலைவில் இருப்பது குறையே எனினும் மலிவு அக்குறையை ஈடுசெய்துவிடுகின்றது. இவ்வாறு செல்கின்றது அவர்தம் கணக்கு. காணித் தரகர் இவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. அது அவர் தொழில். திட்டமிடுவோரும் பொருளியல் கற்றோரும் அதே தராசைக் கையில் எடுத்து, ஒரு தட்டில் செலவையும் மறு தட்டில் வசதியையும் இட்டு நிறுத்து, குறைந்த வருவாயினர் வாழ்வதற்கு இத்தகைய ஊர்களே ஏற்றன என முடிபு கூறுவதுதான் மறுத்துரைக்கப்பட வேண்டியது.

அத்தராசு பிழையானது. அதன் இரு தட்டுகளிலும் வைக்கப்படுபவை இரு வேறு பொருள்கள் அல்ல. ஒரு பொருளின் இரு பக்கங்கள். உறுதி இல்லாத காணி மலிவாகவே விற்கும். நன்னீர் ஐயத்துக்குரியதாய் உள்ள காணி மலிவாகவே விற்கும். நாளை யாருக்கு எதற்காக எடுக்கப்படும் என்பது தெரியாத கரையும் அவ்வாறே. ஆகவே மலிவு என்பது அவ்வூரார்க்கு வாய்த்த கொடையன்று. அவர்க்கு இல்லாதனவற்றின் விலைச்சீட்டு. இல்லாமையிலிருந்து பிறந்த மலிவையே அவ்வில்லாமைக்கு ஈடாகக் காட்டுதல், ஒருவன் கையை வெட்டிவிட்டு, இனி அவனுக்குச் சட்டை தைக்கத் துணி குறைவாகவே செல்லும் என்று ஆறுதல் கூறுவதை ஒக்கும்.

இக்குடாநாட்டைப் படைக்கண் கொண்டு நோக்கும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஒரு புறம் கடலும் மறு புறம் புத்தளக் களப்புமாக வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் இம்மணற்றரையின் முனையில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கோட்டை ஒன்றைக் கட்டினர். களப்பின் வழியாகக் கண்டியரசன் செய்துவந்த வாணிகத்தைக் கண்காணிப்பதும் வேண்டியபோது அடைப்பதுமே அதன் நோக்கம். அதாவது, அங்கு வாழ்ந்தோரைக் காப்பதற்காக அக்கோட்டை எழவில்லை. அவ்வழியாகச் செல்வோரை மறிப்பதற்காக எழுந்தது. 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. நமது காலத்துப் போரிலே மீண்டும் அது படையினரின் இடமாயிற்று. இன்று கற்பிட்டியில் 'விஜய' என்னும் கடற்படைத் தளமும், புத்தளத்தில் 'தம்பபண்ணி' என்னும் தளமும், குடாநாட்டின் வாயிலாகிய பாலாவியில் விமானப்படை முகாமும் உள. விமானப்படையின் சூட்டுப் பயிற்சிக் களமும் கற்பிட்டியிலேதான் உளது. ஆளில்லாத வெற்று மணல் என்று வரைபடத்திற் கண்டோர் அவ்விடத்தைத் தெரிந்தனர் போலும். வரைபடத்தில் வெறுமையாய்த் தோன்றும் கரை, வலை உலர்த்துவோர்க்கும் வாடி அமைப்போர்க்கும் வெறுமையன்று.

வெறுமையன்று என்பதற்குப் பழைய சான்று வேண்டுவோர் கற்பிட்டியிலே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டியை நினைவு கூரலாம். 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் குடிகளையும் அகரவரிசைப்படுத்திச் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை வெளியிட்டவரும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் 'தமிழ் புளூட்டாக்' என ஆக்கியளித்தவரும் அவரே. தமிழிலக்கிய வரலாறு கற்கும் மாணவர் அவர் பெயரை அறிவர். அவர் பிறந்த ஊரில் இன்று மக்கள் எந்த நீரைக் குடிக்கின்றனர் என்பதை அறியார். பல்கலைக்கழகத் தமிழ் ஆய்வின் பொதுவான குறைகளுள் இதுவும் ஒன்று.

இனிக் காணியை நோக்குவோம். இலங்கையின் நிலத்திற் பெரும்பகுதி அரசுக்குரியது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றும், அதுவும் பெறாமலும், தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்போர் பலர். அனுமதிப்பத்திரக் காணியை அதனை உடையவர் தம் விருப்பம்போல் விற்றலோ வங்கியில் ஈடு வைத்தலோ இயலாது. 1980களில் சுவர்ணபூமி என்றும், பின்னர் ஜயபூமி என்றும், 2024இல் உறுமய என்றும் பெயர் மாற்றி மாற்றி உறுதி வழங்கும் விழாக்கள் நிகழ்ந்து வந்தமை, நாடெங்கும் உறுதியற்ற குடிகள் எத்துணைப் பெருந்தொகையினர் என்பதற்கு அரசே தந்த வாக்குமூலமாகும். இத்தகைய காணியின் விலை குறைவாயிருப்பதைக் கண்டு மகிழ்பவன் அதை வாங்க வருபவனே; அதில் இருப்பவன் அல்லன். மேலும், வாங்க வருபவனிடம் சட்டத்தரணியும் நில அளவையாளனும் அமைச்சில் ஒரு நண்பனும் இருப்பர். உறுதியின்மை அவனுக்குக் கழிவுவிலை. குடியிருப்போனுக்கு அது உறக்கமின்மை.

கற்பிட்டித் தீவுகளின் கதை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம் என்ற பெயரில் 14 தீவுகளை உள்ளடக்கி ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலம் விடுதிகளுக்கென வரையறுக்கப்பட்டது. பல்லாயிரம் படுக்கைகள், கொல்ஃப் திடல், உள்நாட்டு விமான நிலையம் என்றெல்லாம் அத்திட்டம் விரிந்தது. பத்தலங்குண்டு, உச்சமுனை, இப்பந்தீவு முதலிய இடங்களில் மீனவர் வாழ்ந்தும் பருவத்துக்குப் பருவம் வாடியமைத்தும் வந்தனர் என்பது திட்டம் வகுத்தோர்க்குத் தெரியாததன்று. தெரிந்தும், அவர்களிடம் உறுதி இல்லை என்பதே போதுமான மறுமொழியாகக் கொள்ளப்பட்டது. எதிர்பார்த்த முதல் வராமையினால் அத்திட்டத்தின் பெரும்பகுதி தாளிலேயே தங்கிற்று. அதனை மீனவர்தம் வெற்றி எனக் கூறுவதற்கில்லை. திட்டம் நின்றது, அதற்கென வரையப்பட்ட எல்லைக்கோடு அழியவில்லை. கண்டக்குழியிலும் அதனையடுத்த குடாவையிலும் பட்டம் பற்றிக் கடல்மேற் சறுக்கும் வெளிநாட்டு இளைஞர்க்கான விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியுள்ளன. அவ்விளைஞர்மீது குற்றமில்லை, அவர்கள் காற்றைத் தேடி வந்தவர்கள். ஆனால் அவர்கட்கு மலிவாய்த் தோன்றும் ஒருநாள் அறைவாடகை, கரைவலை இழுப்பவனுக்கு எத்தனை நாட் கூலி என்பதைக் கேட்டறிபவர் இலர்.

காணி மலிவு என்பதற்கு மற்றொரு வரலாறும் உண்டு. அதனைத் தமிழர் தாம் மறக்கலாகாது. 1990 ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முசுலிம் மக்கள் அனைவரையும், ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரிலிருந்தோர்க்கு இரண்டு மணி நேரமே அளிக்கப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டம். அதிலும் கற்பிட்டிக் குடாநாட்டு மணற்பரப்பில் ஓலைக் கொட்டில்களில் அமர்ந்தோர் மிகப் பலர். அவர்கள் ஏன் இக்கரையைத் தெரிந்தனர்? கடற்காற்றுக்காகவா? மன்னாரிலிருந்து வந்து இறங்கக்கூடிய அண்மையும், கையில் எஞ்சிய சிறு பணத்துக்குக் கிடைக்கக்கூடிய மணற்றுண்டும், தம்மைப் போன்றோர் வாழும் ஊர் என்ற நம்பிக்கையுமே காரணங்கள். ஏலவே கூலி குறைந்திருந்த இடத்தில் வேலை தேடுவோர் தொகை பெருகவே கூலி மேலும் தாழ்ந்தது; கிணறும் பாடசாலையும் நெருக்கடிக்குள்ளாயின; வந்தோர்க்கும் இருந்தோர்க்கும் இடையே மனக்கசப்பும் தோன்றிற்று. 'கூலி மலிவு' என்று இன்று பெருமையாகச் சொல்லப்படுவதன் பின்னணியில் அந்த இரண்டு மணி நேரம் நிற்கின்றது. தமிழின் பெயரால் நிகழ்த்தப்பட்ட அக்கொடுமையைத் தமிழ்ச் சங்கத்து ஆண்டுமலர் ஒன்றிலே கூறாமல் வேறெங்குக் கூறுவது?

2007இல் உலக வங்கி 32 மில்லியன் டொலர் உதவியுடன் புத்தளத்து இடம்பெயர்ந்தோர்க்கு வீடமைக்கும் திட்டத்துக்கு இசைந்தது. அது நற்பணியே. ஆயினும் காணியுரிமைக்குச் சான்று காட்டுவோர்க்கே அவ்வுதவி என விதிக்கப்பட்டமையின், உறுதி உள்ளவர் கல்வீட்டிலும் இல்லாதவர் கொட்டிலிலும் என ஒரே தெருவில் இரு வகுப்பார் உருவாயினர். மலிவாகக் கிடைத்ததென்று உறுதியின்றி வாங்கியவன் இரண்டாவது முறையும் தோற்றான்.

கடலுக்கு வருவோம். கண்டக்குழி மீனிறங்கு துறை. அங்குள்ள குடிகளின் சொத்து நிலமன்று, கடல். நிலத்தின் விலையை மட்டும் வைத்து மீனவனது வாழ்வுச்செலவைக் கணித்தல், உழவனது வாழ்வை அவன் வீட்டுத் திண்ணையின் நீளத்தால் அளப்பது போலாகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்தெம்பர் வரை இக்கரையிற் கடல் கொந்தளிக்கும்; தொழில் நடக்கும் மாதங்கள் எஞ்சியவையே. அம்மாதங்களிலும் கடலுக்கு இறங்கும் உரிமை தடையின்றி இருத்தல் வேண்டும். போர்க்காலத்தில் மன்னார்க் கரையில் 'பாஸ்' இன்றி மீன்பிடிக்கச் செல்ல இயலாதிருந்தது. நேரமும் தூரமும் கடற்படையால் வகுக்கப்பட்டன. ஒருநாள் கடல் அடைக்கப்பட்டால் இழப்பு ஒருநாள் மீன் மட்டுமன்று. பனிக்கட்டிக்குக் கொடுத்த பணம், முதலாளியிடம் பெற்ற முற்பணத்தின் வட்டி, பழுதான இரை யாவும் சேரும். இவை எந்த வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணிலும் ஏறுவதில்லை.

எரிபொருளின் கதையையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுவன. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. அதே மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூட்டப்பட்டது. பின்னர் மண்ணெண்ணெய் விலை ஓரளவு இறங்கியதெனினும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவ்வாண்டில் கொழும்பிலும் கண்டக்குழியிலும் விலை ஒன்றே. கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞன் மண்ணெண்ணெயை அடுப்புக்கு வாங்கினான். கண்டக்குழியான் அதனைத் தன் கலப்பைக்கு வாங்கினான். பிறகு மலிவு எங்கே நின்றது?

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பதும் நோக்கற்பாலது. குடாநாட்டின் நுரைச்சோலையிலேதான் நாட்டின் பெரிய நிலக்கரி மின்நிலையம் உளது. 2011இல் 300 மெகாவாற்றுடன் முதற் பகுதி இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற் ஆயிற்று. தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயத்தின் அயலில் அது அமைவதைக் கத்தோலிக்கரும், தம் தோட்டங்களை இழக்கவிருந்த ஊர்மக்களும் எதிர்த்தனர், பயனில்லை. கொழும்பு மாநகரின் குப்பையைக் கொட்டுவதற்கு இடம் தேடியபோதும் அதே மாவட்டத்து அருவக்காடுதான் கண்டெடுக்கப்பட்டது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தனர். நிலக்கரிச் சாம்பலும் தலைநகரத்துக் குப்பையும் பயிற்சிக் குண்டும் ஒரே மாவட்டத்தை நாடி வருவது தற்செயலன்று. மலிவான நிலத்தை விரும்புவோர் வறியவர் மட்டும் அல்லர், அரசும் விரும்புகின்றது. எங்கே எதிர்ப்புக்கு விலை குறைவோ அங்கே பெருஞ்சுமைகள் இறக்கப்படுகின்றன; அவை இறக்கப்பட்டபின் நிலத்தின் விலை மேலும் குறைகின்றது; அக்குறைவைக் கண்டு, "பார்மின், எவ்வளவு மலிவு!" என்கின்றனர் தராசு பிடிப்போர்.

இவற்றினும் முதன்மையானது நீர். கற்பிட்டி மணலின் அடியில், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய வில்லை போல, மழையால் ஊறிய நன்னீர் தங்கி நிற்கின்றது. ஆழமில்லாக் கிணற்றிலே அது எளிதில் கிடைக்கும். அந்நீரை நம்பியே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பீற்றூற்றும் இங்கு விளைகின்றன. மணல் எதையும் பிடித்துவைக்கும் இயல்பினதன்று. இடும் இரசாயன உரத்தில் பயிர் உண்டது போக மிஞ்சியது, இறைக்கும் நீருடன் கீழிறங்கி மீண்டும் அதே கிணற்றைச் சேர்கின்றது. 1980கள் தொட்டு இக்குடாநாட்டில் நிகழ்ந்த ஆய்வுகள், உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவினைப் பல கிணறுகளில் நைத்திரேற்றுக் கடந்திருப்பதைக் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனை ஏந்தும் ஆற்றலை அது குறைக்கும், உடல் நீலம்பாரிக்கும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. காய்ச்சினாலும் அது போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. உப்பேறிய கிணற்றை ஊரார் நாவாலறிந்து கைவிடுவர். இதனை எவ்வாறு அறிவர்?

மலிவையும் வாழ்தகைமையையும் தனித்தனித் தட்டில் இடும் கணக்கின் பிழையை உலகுக்கு உணர்த்திய ஊர் ஒன்று அமெரிக்காவில் உண்டு. வட கரோலினாவின் கடற்கரையில் ஒன்சுலோ என்னும் மாவட்டம். அங்கு 1941 முதல் லெஜூன் என்ற பெரும் கடற்படைக் காலாள் முகாம். தம் நாட்டுப் பெருநகரங்களோடு ஒப்பிட்டு அப்பகுதியைச் செலவு குறைந்த, பிள்ளைகளை வளர்ப்பதற்கு ஏற்ற, காவல் மிக்க இடம் என்று படைவீரர் குடும்பங்கள் கொண்டன. 1953 முதல் 1987 வரை அம்முகாமின் குடிநீரில், மாழைத் துடைப்புக்கும் உலர்சலவைக்கும் பயன்படும் கரைப்பான்கள் கலந்திருந்தமை பின்னர் வெளிப்பட்டது. நஞ்சேறிய கிணறுகள் 1984, 1985இல் மூடப்பட்டன. பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுக்க வழிசெய்யும் சட்டமோ 2022 ஓகஸ்ட் மாதத்திலேதான் நிறைவேறியது. உலகிலேயே செல்வமும் படைவலியும் மிக்க அரசு, தன் சொந்தப் படைவீரரின் பிள்ளைகள் குடித்த நீருக்குப் பொறுப்பேற்க ஏறத்தாழ நாற்பது ஆண்டு சென்றது. அப்படியாயின், கற்பிட்டி மணலில் உறுதியின்றி வாழ்பவனின் கிணற்றுக்காக யார் எப்போது பொறுப்பேற்பர்?

ஒன்சுலோவிலும் கண்டக்குழியிலும் நஞ்சின் ஊற்று வேறு. கண்டக்குழியில் அது தோட்டத்து உரம். படைமுகாம்மீது அப்பழியைச் சுமத்துதல் நேர்மையன்று. 2015இன் பின்னர் சிறுநீரக நோய் பரவிய பகுதிகளில் நீர் வடிகட்டும் பொறிகளை நூற்றுக்கணக்கில் நிறுவியது இதே கடற்படைதான் என்பதையும் மறைத்தல் தகாது. ஆனால் அதிலிருந்து பெறப்படுவது யாது? குடிநீர் வழங்கல் பிரதேச சபையின் கடமை. நீர் வழங்கல் சபையின் கடமை. தேர்தலில் மக்கள் கேள்வி கேட்கக்கூடிய அவை செய்யத் தவறியதை, கேள்வி கேட்கவியலாத ஒரு படை அன்பளிப்பாகச் செய்கின்றது. உரிமையாய் வரவேண்டியது கொடையாய் வருமிடத்து, கொடுப்போன் விரும்பாத போது அது நிற்கும்.

படைமுகாம் இருந்தால் அயலூர் செழிக்கும் என்போரும் உளர். அமெரிக்காவில் முகாமுக்கு வெளியே வாழும் வீரனுக்கு அவ்வவ்விடத்து வாடகைக்கு ஏற்ப வீட்டுப்படி வழங்கப்படுகின்றது. அப்படியின் அளவை வீட்டுக்காரர் அனைவரும் அறிவராதலின் வாடகையும் அதனை ஒட்டியே நிற்கும். படியில்லாத கடைச் சிப்பந்தி அதே வாடகையைத் தன் சம்பளத்திலிருந்து கட்டுவான். யப்பானின் ஒகினாவாவை நோக்குக. அந்நாட்டு நிலப்பரப்பில் 0.6 சதவீதமே கொண்ட அம்மாகாணத்தில், அமெரிக்கப் படைக்கென ஒதுக்கிய நிலத்தின் ஏறத்தாழ 70 சதவீதம் உளது. அதன் பெருந்தீவில் 15 சதவீதம் முகாம்களாகும். முக்கால் நூற்றாண்டு முகாம் வாழ்வின் பின்னும் ஆள்வீத வருமானத்தில் அம்மாகாணம் யப்பானின் கடைக்கோடியிலேயே நிற்கின்றது. இலங்கையிலோ படைவீரர் முகாமிலேயே உண்டு உறங்குவர். சம்பளம் அவர்தம் சொந்த ஊர்க் குடும்பத்துக்குச் செல்லும். கண்டக்குழித் தேநீர்க் கடையில் எஞ்சுவது சில்லறை.

பாதுகாப்பு என்ற வாதம் எஞ்சுகின்றது. எவருடைய பாதுகாப்பு என்பதற்கு, புத்தளம் மாவட்ட எல்லைக்கு அப்பால் முசலிப் பிரிவிலுள்ள முள்ளிக்குளம் விடையளிக்கும். 2007 செப்தெம்பரில் படை நடவடிக்கையின் பொருட்டு அவ்வூர்த் தமிழ்க் கத்தோலிக்கக் குடிகள் சில நாட்களில் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு வெளியேறினர். அவர்கள் திரும்பியபோது அங்கே வடமேற்குக் கடற்படைத் தலைமையகம் இருந்தது. ஊரார் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் மரநிழலிலும் கொட்டிலிலும் தங்கினர். தம் ஆலயத்திற்குச் செல்வதற்கும் காவலரணில் அனுமதி. தம் கரைவலைப் பாடுகளுக்கும் குளங்களுக்கும் வயல்களுக்கும் அவ்வாறே. 2017இல் ஒரு மாதத்துக்கு மேலாக ஊர்வாயிலில் அமர்ந்து போராடிய பின்னர், ஏப்பிரல் இறுதியில் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை இசைந்தது. அது ஊரின் ஒரு பகுதியே. வீடுகளும் ஆலயமும் இருந்த நடுவூர் வேலிக்குள்ளேயே நின்றது. இப்போது மலிவுக் கணக்கை இங்கே வைத்துப் பார்க்கலாம். முள்ளிக்குளத்தைவிட மலிவான காணி வேறெங்கும் இருக்கவியலாது. ஏனெனில் அதனை விற்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. களவு இல்லை, கலகம் இல்லை, மிகச் சிறந்த காவல் உண்டு. குடிகள் மட்டுமே இல்லை.

முள்ளிக்குளம் போர்நிலம், கண்டக்குழி அவ்வாறன்று எனச் சிலர் விடை கூறுவர். அளவில் வேறுபாடு உண்டு என்பது மெய். ஆனால் சட்டத்தில் வேறுபாடு யாது? இரண்டு ஊரிலும் கரை அரசுக்குரியது. இரண்டிலும் குடிகளின் உரிமை பெரும்பாலும் வழக்கத்தால் வந்தது, எழுத்தால் வந்ததன்று. இரண்டிலும் படையோ சுற்றுலாத் துறையோ மின்சார சபையோ கேட்குமிடத்து ஊராரின் ஒப்புதல் தேவைப்படுவதில்லை. முள்ளிக்குளத்துக்கு நேர்ந்தது கண்டக்குழிக்கு நேரும் என்பது இங்குக் கூற்றன்று. நேராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் கண்டக்குழியாரின் கையில் இல்லை என்பதே கூற்று. அவ்வுத்தரவாதமின்மைதான் காணிவிலையில் கழிவாகத் தெரிகின்றது.

இம்மலிவு வெறும் பேச்சாக நில்லாமல் அரசின் எண்ணிலும் புகுந்துவிடுவதே கொடியது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வறுமைக்கோட்டை மாவட்டந்தோறும் விலைமட்டத்துக்கேற்பத் திருத்தி வெளியிடுகின்றது. நாடு முழுவதற்குமான கோடு 2002இல் ஆளுக்கு மாதம் 1,423 ரூபாய். 2012/13ஆம் ஆண்டை அடியாகக் கொண்ட புதிய கணிப்பில் 5,223 ரூபாய். விலை உயர்ந்த கொழும்புக்குக் கோடு மேலே செல்லும். விலை குறைந்த மாவட்டத்துக்குக் கீழே இறங்கும். கணிதமுறையில் இது பிழையன்று. ஆனால் அக்கோடு உணவையும் அடிப்படைச் செலவையும் அளப்பது, கடல் அடைபட்ட நாட்களை அளக்காது, நைத்திரேற்றை அளக்காது, உறுதியற்ற காணியில் வங்கிக்கடன் கிடையாமையால் முதலாளிக்குக் கட்டும் வட்டியை அளக்காது. எனவே கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் கண்டக்குழியான் வறியவனல்லன் என எழுதப்படுகின்றான். மலிவான ஊரில் வாழ்வதன் பயனாக அவனுக்குக் கிடைத்தது வறியோர் பட்டியலிலிருந்து நீக்கம்.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் ஒரு வேலை உண்டு. பெரும் பணம் வேண்டாத வேலை. கற்பிட்டிக் கிணறுகளைப் பற்றிய ஆய்வுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஆய்விதழ்களிலும் நூலக அடுக்குகளிலும் கிடக்கின்றன. அக்கிணற்று நீரைக் குடிப்போர் தமிழும் சிங்களமும் படிப்பவர்கள். எந்த மாதத்தில், எந்தப் பகுதிக் கிணற்றில், எவ்வளவு நைத்திரேற்று என்ற விபரம் ஒரு தாளில், இரு மொழியிலும், ஆண்டுக்கு இருமுறை, பெரும்போகத்து உரமிடலின் பின் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக, கண்டக்குழிக் கிராம அலுவலர் பணிமனைச் சுவரிலும் ஆலய, பள்ளிவாசல் அறிவித்தற் பலகைகளிலும் ஒட்டப்படல் வேண்டும். இரசாயனவியல் மாணவர் அளக்கலாம். தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் எழுதலாம். அதனோடு ஒரு நிரலும் சேர்க்கலாம்: அவ்வரையாண்டில் பயிற்சியின் பொருட்டோ பாதுகாப்பின் பொருட்டோ கடல் அடைக்கப்பட்ட நாட்கள் எத்தனை, அதற்கு யார் கட்டளையிட்டார், முன்னறிவித்தல் எத்தனை நாள், அது எம்மொழியில் இருந்தது என்பன. காணி விற்போர் விலையைப் பலகையில் எழுதுகின்றனர். அப்பலகைக்கு எதிரேயுள்ள சுவரில் இத்தாள் தொங்குமானால், வாங்க வருவோரும் அதனைப் படிப்பர்.